வாடகைக்கு மேல் எதற்கு இந்தக் கட்டணங்கள்?

அந்தக் கணக்குச் சீட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் நண்பர் ஒருவர் வாடகை வீட்டைக் காலி செய்த அன்று வீட்டு உரிமையாளர் அவர் கையில் கொடுத்தது. பெயின்ட் அடிக்க, சுத்தம் செய்ய, பூட்டு மாற்ற, ஒப்பந்தம் எழுத, வீட்டைச் சுற்றிப் பார்க்க என்று தனித்தனியாகக் கழித்து, கொடுத்த அட்வான்ஸில் பாதிகூட மிஞ்சவில்லை. அதைவிட எனக்கு எரிச்சல் தந்தது, "எல்லா இடத்திலும் நடக்கிறதுதானே, இதற்கா இவ்வளவு புலம்பல்" என்று நம்மவர்களே கேட்டது.

எல்லாரிடமும் பிடிக்கிறார்கள் என்பதால் அது நியாயமாகிவிடாது. வாடகை என்பதே குடியிருப்பதற்கான விலை. குடியிருந்தால் சுவர் மங்கும், குழாய் தேயும். அதற்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் வாங்குகிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, இறங்கும்போது இருக்கை தேய்ந்ததற்குக் காசு கேட்டால் கொடுப்போமா? நான் கண்ணாடியை உடைத்திருந்தால் ரசீதைக் காட்டுங்கள், தருகிறேன். உடைக்காததற்கு ஏன் தர வேண்டும்?

நானும் கொடுத்தவன்தான். உரிமையாளர் தன் வசதிக்காக வைத்துக்கொண்ட தரகருக்கு நான் பணம் கொடுத்தேன். தேதியை மட்டும் மாற்றிய அதே ஒப்பந்தத்துக்கு ஆண்டுதோறும் 'புதுப்பித்தல் கட்டணம்' கொடுத்தேன். காலி செய்தபோது பெயின்ட் என்று ஒரு பெரிய தொகையைப் பிடித்தார்கள். அடுத்து குடிவந்தவர் சொல்லித்தான் தெரிந்தது, அந்தச் சுவர்களில் யாரும் பிரஷ்ஷை வைக்கவே இல்லை. அன்றைக்கே ஏன் சண்டை போடவில்லை என்று கேட்பீர்கள். மிச்சப் பணம் அன்று சாயங்காலத்துக்குள் வந்தால்தான் புது வீட்டு அட்வான்ஸைக் கட்ட முடியும். சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன. அந்த நேரத்தில் யார் பேரம் பேசுவார்? அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

"படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்பவர்களுக்கு இதுதான் என் பதில். போடாவிட்டால் வீடு இல்லை. அதனால்தான் இதை இரண்டு பேருக்கு இடையிலான ஒப்பந்தம் என்று விட்டுவிடாமல், சட்டம் குறுக்கே வர வேண்டும் என்கிறேன். வந்த இடங்களும் இருக்கின்றன. இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல், சட்டம் அனுமதித்த சில தொகைகளைத் தவிர வேறு எதையும் வாடகைதாரரிடம் கேட்க முடியாது. பின்னணி விசாரிக்க, ஒப்பந்தம் எழுத, காலி செய்யும்போது சுத்தம் செய்ய என்று வாங்கிய கட்டணங்கள் எல்லாம் போயின. சாவியைத் தொலைத்தால்கூட ஆன செலவுக்குச் சான்று காட்டி அதை மட்டும்தான் வாங்கலாம். முதல் தடவை மீறினாலே 5,000 பவுண்டு வரை அபராதம். ஜெர்மனியில் 2015 முதல், தரகரை யார் அமர்த்துகிறாரோ அவரே கூலி கொடுக்க வேண்டும். நியூயார்க் நகரத்திலும் 2025 ஜூனில் அதேபோன்ற விதி வந்துவிட்டது.

"அப்புறம் வாடகையை ஏற்றிவிடுவார்கள்" என்று ஒரு பயமுறுத்தல். சரி, ஏற்றட்டும். சில இடங்களில் ஏறவும் செய்யலாம். ஆனால் அது முதல் நாளே கண்ணுக்குத் தெரிகிற தொகை. நாலு வீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, கட்டுப்படியாகாவிட்டால் நகர்ந்துவிடுவேன். கடைசி நாளில் சீட்டில் வருகிற தொகையை எந்த வீட்டோடு ஒப்பிடுவது?

வீட்டைப் பாழாக்கிவிட்டுப் போகிற வாடகைதாரர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அதற்குத்தான் அட்வான்ஸ். இங்கிலாந்தில் அந்தப் பணத்தையும் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றின் பாதுகாப்பில் வைக்க வேண்டும். தகராறு வந்தால் மூன்றாவது ஆள் விசாரிப்பார். சேதத்தை மதிப்பிடுவதும் பணத்தை வைத்திருப்பதும் ஒரே ஆள் என்றால் எப்படி நியாயம் கிடைக்கும்? உரிமையாளருக்கும் வங்கிக் கடன் இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும், அதை அடைக்க வாடகை வருகிறது.

பணத்தைவிட எனக்கு வலித்தது வேறு. கணக்குக் கேட்டதற்கு, ஏதோ திருட வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். ஒரு மாதம்கூட வாடகை தவறாமல் கொடுத்தவன் நான். ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டு அடித்தவன். "அவ்வளவு ரோஷம் இருந்தால் சொந்த வீடு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்று இப்போது நம் நண்பரிடமும் சொல்கிறார்கள். சொந்த வீடு வாங்க முடியாதவர் கணக்குக் கேட்கக்கூடாது என்று எந்த ஊரில் எழுதி வைத்திருக்கிறது? கேட்போம். ரசீது இல்லாத ஒவ்வொரு வரிக்கும் கேட்போம்.