எல்.ஈ.டி. லைட் கரண்ட்டை மிச்சப்படுத்தாது என்பது தவறு

பண்டிகைக்கு வீட்டில் மின்னவிடும் லிப்லாப் அலங்கார லைட் பற்றி, "எல்.ஈ.டி. லிப்லாப் லைட்டும் பழைய பல்பும் பில்லில் ஒன்றுதான், மிச்சம் என்பதெல்லாம் விளம்பரம்" என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, கணக்கு அப்படி வரவில்லை.

பழைய பெரிய கூம்பு பல்பு ஒன்று 7 வாட். 25 பல்பு கோத்த சரம் 175 வாட். தினம் 6 மணி நேரம், 30 நாள் எரித்தால் 31.5 யூனிட். எல்.ஈ.டி. பல்பு ஒன்றுக்கு 1 வாட் என்று தாராளமாக வைத்தாலும் 4.5 யூனிட்தான். சின்ன அரிசி பல்புச் சரம் ஒன்றே ஒன்று என்றால் வித்தியாசம் சில ரிங்கிட்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தீபாவளிக்கு வாங்கியதை கிறிஸ்துமஸ் முடியும்வரை கழற்றாத வீடுகள் எத்தனை!

எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை சூடு. பழைய பல்பு இழுக்கும் மின்சாரத்தில் சுமார் 90 விழுக்காடு வெப்பமாகவே போகிறது. அடுக்குமாடி வீட்டில் பிளாஸ்டிக் மரம், பக்கத்தில் திரைச்சீலை, கீழே பிள்ளைகள். தயவுசெய்து யோசியுங்கள்.

மஞ்சள் ஒளிதான் பிடிக்கும் என்றால் 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று போட்ட எல்.ஈ.டி. கேட்டு வாங்குங்கள். மலிவான சரங்கள் சில கண் கூசும்படி துடிக்கும், கடையிலேயே எரியவிட்டுப் பார்த்து எடுங்கள்.