பிராட்லி தோற்ற இரவும் லேமன் சரிந்த நாளும்

2024 நவம்பரில் கமலா ஹாரிஸ் தோற்றபோது, அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் பூசை செய்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவர்களை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த வாரம் முழுவதும் என் நண்பர்களிடையே இரண்டு விளக்கங்களே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன. கருத்துக்கணிப்புகள் பொய் சொல்லிவிட்டன என்பது ஒன்று. ஒரு கறுப்பினப் பெண்ணை அமெரிக்கா ஒருபோதும் ஏற்காது என்பது மற்றொன்று. என்னைப் பொறுத்தவரை முதலாவது தவறு. இரண்டாவது, பாதி வழியில் நின்றுவிட்ட சிந்தனை. ஏன் என்று சொல்ல நான் சற்றுப் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1982இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் லாஸ் ஏஞ்சலஸ் மேயர் டாம் பிராட்லி போட்டியிட்டார். அவர் கறுப்பினத்தவர். கருத்துக்கணிப்புகள் கடைசிவரை அவர் முன்னிலையில் இருப்பதாகச் சொல்லின. வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பும் அவரே வென்றார் என்றது. எண்ணி முடித்தபோது, குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டியூக்மேஜியனிடம் சுமார் 93,000 வாக்குகளில் அவர் தோற்றிருந்தார். வெள்ளை வாக்காளர்கள் இனவாதிகள் என்று பெயரெடுக்க அஞ்சி, வாயால் ஒன்று சொல்லிக் கையால் வேறொன்று குத்தினார்கள் என்ற விளக்கம் அன்று பிறந்தது. 'பிராட்லி விளைவு' என்ற பெயரும் அதற்கு நிலைத்தது. 1989இல் வர்ஜீனியாவில் டக்ளஸ் வைல்டர், கணிப்புகளில் வசதியான முன்னிலையோடு இருந்து, 6,741 வாக்குகளில் மட்டுமே தப்பிப் பிழைத்து, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின ஆளுநரானபோது, அந்த விளக்கம் இன்னும் உறுதிப்பட்டது.

ஆனால் 1982இன் கதையில் பலரும் விட்டுவிடும் இரண்டு செய்திகள் உண்டு. அன்று குடியரசுக் கட்சியினர் தங்கள் ஆதரவாளர்களை அஞ்சல் வழியே வாக்களிக்க வைக்கப் பெருமுயற்சி செய்திருந்தார்கள். வாக்குச்சாவடி வாசலில் நின்று கேட்கிறவருக்கு அஞ்சலில் வாக்களித்தவர் எப்படி அகப்படுவார்? அதே நாளில் கைத்துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் ஒரு முன்மொழிவும் வாக்கெடுப்புக்கு வந்திருந்ததால், வழக்கமாக வராத துப்பாக்கி உரிமையாளர்களும் பெருமளவில் வந்தார்கள். பொய் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் கணிப்பை முதலில் கவிழ்த்தது, கேட்கப்படாமலே போனவர்கள்தான் என்று நான் நினைக்கிறேன்.

2008இல் பராக் ஒபாமா களத்தில் நின்றபோது அமெரிக்கப் பத்திரிகைகள் பிராட்லியின் ஆவியை மீண்டும் அழைத்தன. செப்டம்பர் தொடக்கத்தில், குடியரசுக் கட்சி மாநாடு முடிந்த சூட்டில், ஜான் மெக்கெய்ன் கணிப்புகளில் ஒபாமாவை முந்தியிருந்தார். செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்தது. அன்றுதான் புளோரிடாவின் ஜாக்சன்வில்லில், நம் பொருளாதாரத்தின் அடித்தளம் வலுவாகவே இருக்கிறது என்று மெக்கெய்ன் பேசினார். பல ஆண்டுகளாக அரசியல்வாதிகள் சொல்லிவந்த சாதாரண ஆறுதல் வாக்கியம் அது. சொன்ன நாள்தான் அவரை வீழ்த்தியது. ஒன்பது நாள் கழித்துப் பிரசாரத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். 29ஆம் தேதி வங்கிகளுக்கான 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்தைப் பிரதிநிதிகள் சபை நிராகரிக்க, டௌ ஜோன்ஸ் பங்குச்சந்தைக் குறியீடு ஒரே நாளில் 777 புள்ளிகள் சரிந்தது. நவம்பர் 4 அன்று ஒபாமா, மாகாண வாரியாகக் கணக்கிடப்படும் தேர்வாளர் வாக்குகளில் 365ஐப் பெற்று வென்றார். இறுதிக் கணிப்புகளின் சராசரி அவருக்கு ஏழு சதவீதப் புள்ளிக்குச் சற்று மேல் முன்னிலை காட்டியது. அவர் வென்றதும் ஏறத்தாழ அந்த வித்தியாசத்தில்தான். பிராட்லியின் ஆவி வரவேயில்லை.

அப்படியானால் பொருளாதாரம் இனத்தை வென்றுவிட்டது என்று எழுதிவிடலாமா? அன்று பலர் அப்படித்தான் எழுதினார்கள். மாகாண வாரியான முடிவுகளைப் பார்த்தால் அந்த மகிழ்ச்சி நிற்காது. தொழிற்சாலைகள் நிறைந்த இண்டியானாவில் 2004இல் குடியரசுக் கட்சியின் புஷ் சுமார் 21 சதவீதப் புள்ளிகளில் வென்றிருந்தார். நான்கே ஆண்டில் அந்த மாகாணத்தை ஒபாமா ஒரு புள்ளி வித்தியாசத்தில் பறித்தார். 1964க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி அங்கே வென்றது அதுவே முதல் முறை. அதே தேர்தலில் அலபாமாவில், வாக்குச்சாவடிக் கணிப்புகளின்படி, 2004இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரிக்கு வாக்களித்த வெள்ளையர் சுமார் 19 சதவீதம் என்றால், ஒபாமாவுக்கு வாக்களித்தவர் சுமார் 10 சதவீதம். வேலை போகும் என்ற அச்சமும் சரிந்துபோன ஓய்வூதியச் சேமிப்பும் இரண்டு மாகாணங்களுக்கும் பொதுவாகவே இருந்தன; ஒரே நெருக்கடி ஓரிடத்தில் வெள்ளையர்களை ஒபாமாவின் பக்கம் தள்ளியது, இன்னோரிடத்தில் அவர்கள் விலகிப் போவதைத் தடுக்கக்கூட அதனால் முடியவில்லை.

இந்தப் பிளவு 2008இல் தோன்றியதன்று. 1964இல் ஜனநாயகக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சன், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதை எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர் அந்த ஆண்டுத் தேர்தலில் நாடு முழுவதும் படுதோல்வி கண்டாலும், தன் சொந்த அரிசோனாவோடு அடிமை முறை வேரூன்றியிருந்த ஆழ்தெற்கின் ஐந்து மாகாணங்களை வென்றார். ஜான்சனுக்குப் பிறகு ஜனநாயகக் கட்சியின் எந்த அதிபர் வேட்பாளரும் வெள்ளை வாக்காளர்களில் பெரும்பான்மையைப் பெற்றதில்லை. பெருவெற்றி பெற்ற ஒபாமாவுக்கும் 43 சதவீதம்தான். ஒவ்வொரு தேர்தலும் இந்த நிலத்தின் மீதுதான் நடக்கிறது. விலைவாசியும் வேலையும் அதன் மேல் ஓடும் நீர்; நிலம் எப்படிச் சரிந்திருக்கிறதோ அப்படித்தான் நீர் ஓடும்.

கருத்துக்கணிப்பில் 'உங்களுக்கு முக்கியமான பிரச்சினை எது' என்று கேட்டு, பொருளாதாரம் ஒரு கட்டம், இன உறவுகள் இன்னொரு கட்டம் என்று பிரித்து வைக்கிறார்கள். கறுப்பினக் குடும்பத்துக்கு இவை எப்போது இரண்டாக இருந்தன? 2008 நெருக்கடிக்கு முந்தைய ஆண்டுகளில் அதிக வட்டியுள்ள மோசமான வீட்டுக்கடன்கள் கறுப்பின, லத்தீன் வம்சாவளிக் குடும்பங்களின் தலையில்தான் அளவுக்கு மீறிக் கட்டப்பட்டன. வீடு பறிபோனதும் அவர்களுக்குத்தான் அதிகம். அமெரிக்க மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சொத்து வரிசையில் நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து சுமார் 2,85,000 டாலர், அதே இடத்தில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்தினுடையது சுமார் 45,000 டாலர். பொருளாதாரமே முக்கியம் என்று பதில் சொல்லும் இருவர் ஒரே பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுவதாகக் கொள்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. கட்சிப் பற்றும் பார்வையை மாற்றுகிறது: 2016இல் டிரம்ப் வென்றதும், அவர் பதவி ஏற்பதற்கு முன்பே, குடியரசுக் கட்சியினரின் பொருளாதார நம்பிக்கை துள்ளி எழுந்தது. அதற்குள் எவருடைய சம்பளமும் உயர்ந்திருக்கவில்லை.

கணிப்புகளின் மீதான கோபத்துக்கு வருகிறேன். கருத்தாய்வுகள் நடத்தும் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் தொலைபேசியில் அழைத்தபோது 1997இல் நூற்றுக்கு 36 பேர் பதிலளித்தார்கள். 2018இல் ஆறு பேர். பேச மறுத்த 94 பேரும் பேசிய ஆறு பேரைப் போன்றவர்களே என்று நம்பினால்தான் கணக்கு நிற்கும். 2016இல் பல மாகாணக் கணிப்புகள், பட்டதாரிகளே அதிகம் பதிலளிக்கிறார்கள் என்பதைச் சரிக்கட்டத் தவறியதால், கல்லூரிக்குப் போகாத வெள்ளையரின் பங்கு கணக்கில் குறைந்துபோனது. விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றும் சேர்த்துச் சுமார் 78,000 வாக்குகளில் முடிவு மாறியது. 2024இல் அப்படி நடக்கவில்லை. ஹாரிஸ் ஒரு புள்ளி அளவில் முன்னிலை என்றார்கள், டிரம்ப் ஒன்றரைப் புள்ளியில் வென்றார்; போட்டி கடுமையானது, எவரும் வெல்லலாம் என்றுதான் அந்த எண்கள் சொல்லின. நாம்தான் அந்த ஒரு புள்ளியை வெற்றி என்று படித்தோம்.

2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. பின்னர் அது தணிந்தது. ஆனால் ஏறிய முட்டை விலையும் வீட்டு வாடகையும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் டிரம்ப், ஹாரிஸ் திடீரென்று கறுப்பினத்தவராக மாறிவிட்டார் என்று பேசினார். அந்த இழிவை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டெக்சஸின் எல்லைப்புறத்தில் ஸ்டார் கவுண்டி என்று ஒரு பகுதி இருக்கிறது. மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் லத்தீன் வம்சாவளியினர். நூறாண்டுக்கும் மேலாக ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர்களுக்கே வாக்களித்து வந்த அந்தக் கவுண்டி, 2024இல் டிரம்புக்கு வாக்களித்தது. ஹாரிஸின் தோல்வியை இனம் என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கும் நண்பர்கள், அந்தக் கவுண்டியை எந்தக் கட்டத்தில் வைப்பார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டும்.