முதல் காதல், சபை முகாம், வசனப் பெட்டி

குமரி மாவட்டத்துக் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் யாராவது கிராஃபிக் நாவல் (படங்களாலான நாவல்) வரைய உட்கார்ந்தால், சபை வாலிபர் முகாமில் முளைக்கிற காதலும் அதோடு ஆட்டம் காண்கிற விசுவாசமும் கட்டாயம் வரும். கதை நல்ல கதைதான். கெடுவது வசனப் பெட்டியில். ‘எனக்குள் சந்தேகம் முளைத்தது’ என்று கட்டத்தின் தலையில் எழுதிவிட்டால் கீழே படம் எதற்கு?

கிரெய்க் தாம்சனின் ‘பிளாங்கெட்ஸ்’ (2003) கிட்டத்தட்ட 600 பக்கம். விஸ்கான்சினில் கட்டுப்பாடான கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன், சர்ச்சின் குளிர்கால முகாமில் ரெய்னாவைப் பார்க்கிறான். அதில் இரண்டு முறை தீ எரிகிறது. பக்திக்குப் பயந்து தான் வரைந்த படங்களைக் கொளுத்துகிறான். காதல் முடிந்ததும் அவள் நினைவாக வைத்திருந்தவற்றைக் கொளுத்துகிறான். அவள் தைத்துத் தந்த போர்வை மட்டும் தப்புகிறது. இரண்டு தீயையும் வாசகரே முடிச்சுப் போட்டுக்கொள்வார்.

மர்ஜான் சத்ரபி தன் ஈரானியச் சிறுவயதை வரைந்த ‘பெர்செபோலிஸ்’ இன்னும் சிக்கனம். வெண்தாடிக் கடவுள் சிறுமியோடு உட்கார்ந்து பேசுவார். அப்பாவின் சகோதரர் அனூஷுக்கு மரண தண்டனை நிறைவேறியதும் அந்தக் கடவுளை வெளியே போகச் சொல்கிறாள். அடுத்து கறுப்பு வெளியில் தனியாக மிதக்கிறாள்.

நமக்கு விஸ்கான்சின் பனி வேண்டாம். கிறிஸ்மஸ் கழிந்து ரப்பர் தோட்டம் இலை கொட்டி மொட்டையாக நிற்கிறதே, அது போதும். போர்வைக்குப் பதில் கீர்த்தனைப் புத்தகம்: ஆண்கள் பக்கத்திலிருந்து பெண்கள் பக்கத்துக்குக் கைமாறட்டும், பிறகு பாடாதவன் கையில் மூடியே கிடக்கட்டும்.

முதல் 16 பக்கத்தைத் தீப்பெட்டி அளவில், வசனமே இல்லாமல் பென்சிலில் கிறுக்குங்கள். இன்னொருவரிடம் காட்டுங்கள், அவருக்குப் புரியாத கட்டத்துக்கு மட்டும் வசனம். அவள் திரும்பிப் பார்க்கிற முகம் இடது பக்கத்தின் மேல் கட்டத்தில் வரட்டும். வலது பக்கத்தில் வைத்தால், தாளைத் திருப்பியதுமே, இடது பக்கத்தைப் படிக்கும் முன்பே, கண்ணில் பட்டு குட்டு உடைந்துவிடும்.

ஜெபத்துக்கு வேதாகமத் தமிழ், அவளிடம் பேச ஊர்ப் பேச்சு: ‘என்ன, மிண்டாம நிக்க?’ (ஏன் பேசாமல் நிற்கிறாய்?). இரண்டையும் கலக்காதீர்கள். என்றைக்கு அவன் ஊர்ப் பேச்சிலேயே ஜெபிக்கிறானோ, அன்றைக்கு அவன் மாறிவிட்டான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. (போதகரை வில்லனாக்குகிற சோம்பேறித்தனமும் தேவைப்படாது.)

எழுத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிப் பேச்சுப் பலூன் போடுங்கள். பலூனுக்கு எட்டு, பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம். ஏ4 தாளில் வரைந்து ஏ5-இல் அச்சடித்தால் 5 மி.மீ. எழுத்து 3.5 மி.மீ. ஆகும். தடித்த பேனாவில் எழுதினால் ‘ணை’, ‘லூ’ சுழியெல்லாம் மையில் அடைபட்டு, அவள் சொன்ன ஒரே வரியும் படிக்க முடியாமல் போகும்.