பெரிய கோயில் நிழல் தரையில் விழும்!

சிறுவர்களுக்கான வரலாற்றுப் புத்தகத்தில் தஞ்சைப் பெரிய கோயில் பக்கம் வந்தாலே வயிற்றெரிச்சல்தான். ‘கோபுரத்தின் நிழல் தரையில் விழாது’ என்று கட்டம் கட்டி, மஞ்சள் வண்ணம் அடித்துப் போட்டுவிடுகிறார்கள். முதலில் அது கோபுரமே இல்லை. வாசலில் நிற்பது கோபுரம். கருவறைக்கு மேலே எழுவது விமானம். அடுத்தது, யார் போய்ப் பார்த்தார்கள்? காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே, அந்த நிழல் தினமும் நீண்டு கிடக்கிறது!

கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். தஞ்சை இருப்பது வட அட்சரேகை 10.8 டிகிரியில். டிசம்பர் 21 உச்சிவேளையில் சூரியன் தெற்கே சுமார் 56 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். விமானம் 60 மீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உச்சியின் நிழல் நடுவிலிருந்து வடக்கே 40 மீட்டருக்குப் போகும். அடித்தளம் ஏறக்குறைய 30 மீட்டர் அகலம், அதில் பாதி 15. மீதி 25 மீட்டர் எங்கே விழும், ஆகாயத்திலா?

இந்தக் கதை கிளம்பியதற்கும் காரணம் இருக்கிறது. விமானம் மேலே போகப் போகக் குறுகுவதால், கோடை மாதங்களின் உச்சிவேளையில் நிழல் பெரும்பாலும் அதன் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும் நாளின் உச்சிவேளையில் தெருவிளக்குக் கம்பத்துக்கும்கூட நிழல் இருக்காது. இதை எழுதியிருந்தால் வரலாற்றுப் பக்கத்திலேயே வானியல் பாடம் கிடைத்திருக்கும்!

பிள்ளைகளே இதை அளந்து பார்க்கும் செய்முறையும் சுலபம். ஒரு மீட்டர் குச்சி, தூக்குக்குண்டு, சாக்பீஸ் போதும். குச்சியைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நட வேண்டும். சாய்ந்தால் அளவு கெடும். 11:45 முதல் 12:45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மிகக் குட்டையான நிழல் விழும் நேரமே உச்சிவேளை. டிசம்பர் 21 அன்று தஞ்சையில் அது 12:12 வாக்கில் வரும், 12 மணிக்கு அல்ல. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, தஞ்சை அதற்கு மூன்று டிகிரிக்கு மேல் மேற்கே இருக்கிறது. அப்போது குச்சியின் நிழல் சுமார் 68 சென்டிமீட்டர் இருக்கும். அதே விகிதத்தில்தான் 60 மீட்டர் விமானத்துக்கு 40 மீட்டர் நிழல்.

இதைவிட ஆத்திரம் என்னவென்றால், அந்த மஞ்சள் கட்டத்துக்காக எதை வெளியே தள்ளினார்கள் என்பதுதான். ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது அதே கோயில் சுவரில் இருக்கிறது. அங்கே பணிசெய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது தளிச்சேரி என்ற கோயில் குடியிருப்பில் வாழ்ந்த பெண்களின் பெயர்கள் தெருவாரியாக, வீடுவாரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. தெற்குத் தளிச்சேரித் தென்சிறகின் (தென்வரிசையின்) தலைவீடு, அதாவது முதல் வீடு, நக்கன் சேரமங்கை என்ற பெண்ணுக்கு. ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் (அக்கால முகத்தல் அளவு) நெல். கட்டிய தச்சனின் பெயர்கூட, குஞ்சரமல்லன் என்று, இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது சலிக்கும் என்று யார் சொன்னது? அடுத்த பதிப்பிலாவது அந்தக் கட்டத்தைத் தூக்கிவிட்டு சேரமங்கையின் வீட்டு முகவரியைப் போடுங்கள்.