அந்த மாணவியின் கேள்விக்குப் பதில் எங்கே?

கருத்தரங்கில் தமிழில் கேள்வி கேட்ட மாணவியிடமிருந்து மைக்கை வாங்கிய காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் முழுக்கதையையும் சொல்லப்போவதில்லை. கல்வியியல் துறையின் பன்னாட்டுக் கருத்தரங்கு. வெளிநாட்டுப் பேராசிரியர் திரையில் பேசி முடிக்கிறார். ஒரு பி.எட். மாணவி எழுந்து தமிழில் கேட்கத் தொடங்குகிறார். "ஆங்கிலத்தில் கேட்க முடிந்தால் கேளம்மா, இல்லாவிட்டால் உட்கார்" என்று சொல்லி மைக்கை வாங்கிவிடுகிறார்கள். அவர் உட்கார்ந்துவிடுகிறார்.

மைக்கைப் பிடுங்கியதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். அவர் என்ன கேட்டார் என்று எத்தனை பேர் கவனித்தீர்கள்? பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கிறார்கள், உங்கள் நாட்டில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு முதலில் எந்த மொழியில் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்றார். அந்த அரங்கில் அன்று முழுவதும் எழுந்த ஒரே பன்னாட்டுக் கேள்வி அதுதான். அதைத்தான் நிறுத்தினார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கல்வியியல் துறையின் உலகத் தொடர்பு, ஆசிரியராகப் போகிறவரின் வகுப்பறை வரை வந்து சேர வேண்டும். பதாகையிலும், வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு போடும் புரிந்துணர்வு ஒப்பந்தத்திலும் நின்றுவிட்டால் அது தொடர்பே இல்லை.

நான் பி.எட். படித்தபோது மாண்டிசோரி அம்மையார் எங்களுக்கு ஐந்து மதிப்பெண் வினா. இத்தாலியில் பிறந்தார், கருவிகள் வழியே கற்பித்தார், முடிந்தது. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், இரண்டாம் உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு வேலை செய்தார் என்பதை ஒருவர்கூட எங்களுக்குச் சொல்லவில்லை. ஆண்ட்ரூ பெல்லும் அப்படித்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளியை நடத்தியவர். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். தேர்ந்த மாணவன் மற்றவர்களுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்து 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் அது. இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்ற பெயரோடு நடக்கிறது. இத்தனையும் நடந்த ஊரில் பயிற்சி பெறும் பெண்ணிடம், உலகத்தோடு பேச உனக்குத் தகுதியில்லை என்கிறார்கள். எனக்கு வலிக்கிறது.

"ஆங்கிலம் இல்லாமல் உலகத் தொடர்பா?" என்று கேட்பவர்களுக்கு: ஆங்கிலம் வேண்டும். நானும் வகுப்பில் அதைத்தான் வற்புறுத்துகிறேன். ஆனால் மேடையில் ஆங்கிலம் தெரிந்த பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்களே, அவர்களில் ஒருவர் அந்தக் கேள்வியை மொழிபெயர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"நாக் மதிப்பீடு (கல்லூரிகளின் தரத்தை அளக்கும் தேசிய அமைப்பின் ஆய்வு) வருகிறது, ஒப்பந்தங்களைக் காட்ட வேண்டாமா?" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டார். காட்டுங்கள். அந்த ஒப்பந்தத்தால் எந்த மாணவரின் பாடக்குறிப்பில் எந்த வரி மாறியது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

உலக அளவுகோல் மேல் நமக்கு உண்மையான அக்கறை இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். பதினைந்து வயது மாணவர்களின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பீசா (PISA) தேர்வின் 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும்தான் கலந்துகொண்டன. முடிவு 2011 டிசம்பரில் வந்தது. வாசிப்பிலும் கணிதத்திலும் இரண்டும் பட்டியலின் அடியில், கிர்கிஸ்தானுக்கு மட்டுமே மேலே. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று காரணம் சொல்லி, அடுத்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. பொருந்தவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். எந்தக் கேள்வி, எந்த இடத்தில், ஏன் பொருந்தவில்லை என்று ஆராய வேண்டியது கல்வியியல் துறைகள்தானே? நான் பார்த்த எந்தப் பி.எட். வகுப்பிலும் பீசாவின் வினாக்களை மேசையில் வைத்து யாரும் பேசவில்லை. வாசித்துப் புரிந்துகொள்ள முடியாமல் போன அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பதைத் தொட்ட வயது. அவர்களின் குழந்தைகள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள்.

"பணம் எங்கே?" என்பதுதான் கடைசியாக வரும் கேள்வி. வெளிநாடு என்றால் அமெரிக்காவும் பிரிட்டனும் மட்டும் என்று நினைப்பதால் வரும் கேள்வி அது. யாழ்ப்பாணம் கோப்பாயில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்கள் பயிற்சி பெறுகிறார்கள். மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. சீனமும் மலாயும் சூழ்ந்த இடத்தில் தமிழ் கற்பிப்பவருக்கும், ஒடியா பேசும் பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்கும் நம் மாணவிக்கும் பேச எவ்வளவோ இருக்கிறது. விசா வேண்டாம், விமான டிக்கெட் வேண்டாம். இரண்டு வகுப்புகளை இணையத்தில் சேர்த்து, ஒரே பாடத்தை இரு தரப்பும் நடத்தி, ஒருவர் பாடக்குறிப்பை மற்றவர் திருத்தினால் போதும்.

வரும் கல்வியாண்டின் கற்பித்தல் பயிற்சி அட்டவணையைத் துறைகள் இப்போதுதான் தயாரிக்கின்றன. மாதம் ஒரு பிற்பகலை இதற்கென்று ஒதுக்குங்கள். கோப்பாய்க்குக் கடிதம் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.