கிழிந்துபோன கடைசித் தாள்

இரவல் கொடுத்த புத்தகம் நான்கு மாதம் கழித்து நேற்று வீடு திரும்பியது. கடைசித் தாளைக் காணவில்லை. பசை ஒட்டிய ஓரத்தில் விரற்கடை அகலத்துக்கு ஒரு கிழிசல் நிற்கிறது. அதில் வரிக்கு இரண்டு மூன்று எழுத்துகள். கேட்டால், "பேரன் கிழித்துவிட்டான் சார். கொலைகாரன் யாரென்று அதற்கு முன்பே தெரிந்துவிடுகிறதே, அந்தப் பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது?" என்கிறார்.

பேரனை விடுங்கள், குழந்தை. இந்தக் கேள்வியைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

புத்தகம், லாரன்ஸ் பிளாக் 1982-இல் எழுதிய 'எய்ட் மில்லியன் வேஸ் டு டை' (சாவதற்கு எண்பது லட்சம் வழிகள்). நியூயார்க்கில் உரிமம் எதுவும் இல்லாமல் துப்பறியும் முன்னாள் போலீஸ்காரன் மேத்யூ ஸ்கடரின் கதை. தொழிலை விட்டுவிட நினைத்த ஒரு விலைமாது ஓட்டல் அறையில் வெட்டிக் கொல்லப்படுகிறாள். அவளை வைத்துப் பிழைத்தவனே, தான் கொல்லவில்லை என்பதால், கொன்றவனைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஸ்கடருக்குப் பணம் கொடுக்கிறான். அருமையான தொடக்கம்.

ஆனால் கொலைகாரன் யார் என்ற விஷயத்தில் பிளாக் நம்மை ஏமாற்றத்தான் செய்கிறார். ஒரு மிங்க் கோட்டு, ஒரு பச்சைக்கல் மோதிரம் என்று நூல் பிடித்துப் போனால், கடைசியில் மரகத வியாபாரத் தகராறிலிருந்து எவனோ ஒருவன் முளைக்கிறான். நாம் பக்கம் பக்கமாகப் பழகிய எவரும் இல்லை. இத்தனை தூரம் கூடவே நடந்த வாசகனுக்கு இது அநியாயம். நடுவில் ஒவ்வொரு பெண்ணாகத் தேடிப்போய்க் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைக் கேட்கும் பகுதியும் இழுவைதான். நாவலில் எது ஆக மெலிந்த பகுதியோ, அதை மட்டும் படித்துவிட்டு மற்றதெல்லாம் வெறும் தாள் என்கிறாரே, இரவல் வாங்கியவர்!

ஸ்கடர் ஒரு குடிகாரன். போலீஸில் இருந்தபோது அவன் சுட்ட குண்டு ஒன்று தெறித்து ஒரு சிறுமியைக் கொன்றது. அன்றோடு வேலையும் குடும்பமும் போயின. இப்போது வருகிற கூலியில் பத்தில் ஒரு பங்கை, பக்தி எதுவும் இல்லாமலே, எதிர்ப்படும் ஏதாவதொரு தேவாலய உண்டியலில் போட்டுவிட்டு வருகிறான். குடிக்காத நாள்களை எண்ணுகிறான். குடித்து நினைவிழந்து மருத்துவமனையில் கண்விழிக்கிறான். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறான். தினமும் செய்தித்தாளைப் பிரித்தால் ஊரெல்லாம் சாவு. அந்தச் சாவுகளைப் படித்துவிட்டு ஒரு மனிதன் எப்படிக் குடிக்காமல் இருப்பது என்பதுதான் இந்த நாவலின் மர்மம். 1986-இல் படமாக எடுத்தவர்களும் கதையைத் தூக்கி லாஸ் ஏஞ்சல்ஸில் வைத்தார்கள். நியூயார்க்கைப் பிடுங்கிவிட்டால், அந்த ஊர் மக்களைக் குறித்துத் தலைப்பில் இருக்கும் எண்பது லட்சத்துக்கு என்ன அர்த்தம்?

குடியை விட நினைப்பவர்களின் கூட்டங்களுக்கு அவன் தவறாமல் போகிறான். ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, தான் குடிநோயாளி என்று ஒப்புக்கொண்டு பேசுவார்கள். இவன் முறை வரும்போது, "என் பெயர் மாட். இன்றைக்குக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன்" என்று நழுவுவான். வாக்கியத்தின் மறுபாதி அவன் வாயிலிருந்து வராது. கூட்டத்துக்குக் கூட்டம் இதுவே. கொலை எப்போதோ மறந்துபோய், அந்த மறுபாதிக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கம் புரட்டியது இன்னும் நினைவிருக்கிறது. அவன் அதைச் சொல்லிவிட்டு உடைந்து அழுவது அந்தக் கடைசித் தாளில்தான்.

"கிழிவதற்கு முன்னால் நீங்களாவது படித்தீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை சார், கொலைகாரன் கதை முடிந்ததுமே மூடிவைத்துவிட்டேன்" என்றார்.