ஓ, டெனன்டா நீங்க?

போன வாரம் பகுதி சபைக் கூட்டத்தில், அதாவது வார்டு மக்கள் தங்கள் குறைகளைச் சொல்லும் கூட்டத்தில், நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அந்த வீடியோ எனக்கே நான்கு முறை வந்துவிட்டது, திரும்ப விவரிக்கப் போவதில்லை. "முதல்ல வரி கட்டுறவங்க பேசட்டும்" என்று அங்கே ஒருவர் எங்களைப் போல வாடகைக்கு இருப்பவர்களைப் பார்த்துச் சொன்னார் பாருங்கள், அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

சரி, வரிக்கே வருவோம். 2022-ல் சென்னையில் சொத்து வரி ஏறியதும் எங்கள் ஓனர் வாடகையை ஏற்றினார். கேட்டால், "வரி ஏத்திட்டாங்களேம்மா" என்றார். ரசீதில் அவர் பெயர் இருக்கிறது. பணம் யாருடையது? வாடகைக்கு இருப்பவரும் வரி கட்டுகிறார் ஐயா, ரசீதுதான் கிடைப்பதில்லை.

கூட்டம் வேலைநாளில், காலை 11 மணிக்கு. ரிட்டயர் ஆனவர்கள் வரலாம். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் எப்படி வருவார்? வந்தவர்கள் பட்டியல் போட்டார்கள்: பூங்கா நடைபாதைக்கு டைல்ஸ் முதலிடம், குடிசை மாற்று வாரியக் குடியிருப்புச் சந்தில் எரியாத தெருவிளக்கு "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்". வந்து உட்கார நேரம் இருப்பவர் குறைதான் அவசரம் ஆகிறது. அதே பூங்காவில் நானும்தான் நடக்கிறேன், பூங்கா வேண்டாம் என்றா சொன்னேன்?

"அவங்களுக்குத்தான் வீடு கொடுத்தாச்சே" என்று குடிசைப் பகுதிக்காரர்களைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். கூவம் ஓரத்தில் இருந்த என் சித்திக்கும் கொடுத்தார்கள், பெரும்பாக்கத்தில். வேலை மட்டும் பழைய இடத்திலேயே. முதல் பஸ்ஸில் டிபன் பாக்ஸை மடியில் திறந்து வைத்துக்கொண்டே வருவார். சூட்டோடு மூடினால் சோறு வேர்த்து மதியத்துக்குள் நசநசத்துவிடுமாம். பெரும்பாக்கம் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை, செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. நகரத்தைக் கூட்டிப் பெருக்க சித்தி வேண்டும், நகர மன்றத்துக்கு ஓட்டுப் போட வேண்டாம். நல்ல ஏற்பாடு!

"வீடெல்லாம் வாரியத்தோட வேலை, மாநகராட்சி என்ன செய்யும்?" இது நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1992-ல் நிறைவேறிய 74-வது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சி அமைப்புகளுக்கென்று போட்ட 18 வேலைகளில் குடிசைப் பகுதி மேம்பாடும் உண்டு, வறுமை ஒழிப்பும் உண்டு. அதையெல்லாம் விடுங்கள். தெருவிளக்கும் வாரியமா?

"எல்லாத்தையும் அரசியலாக்காதே" என்பவர்களுக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. இருட்டுச் சந்தில் ஒன்பது மணிக்கு ஒருமுறை நடந்து பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

கோபத்தில் எழுதுகிறேன் என்கிறீர்களா? ஆமாம். வாக்காளர் பட்டியலில் ஓனரும் நானும் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறோம். கூட்டம் முடிந்து வருகைப் பதிவு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் சிரித்த முகமாகத்தான் கேட்டார்: "ஓன் ஹவுஸாம்மா?"

"வாடகைங்க சார்."

"ஓ, டெனன்டா நீங்க?" என்று நோட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பெயர் எழுதிவிட்டேன். கதவு எண் பாக்கி.